குடு (ஹெரோயின்) பாவிப்பதை நிறுத்திய பிறகுதான் வைத்தியம் தொடங்குகிறது: மட்டக்களப்பு, அம்பாறை வைத்தியசாலைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் கேள்வி பதில்

கிழக்கில் வைத்தியசாலையிலோ பல்கலைக்கழகத்திலோ வேலை செய்கிறவர்களை மனதில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டது. வீட்டில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் இருப்பவர்களும் வாசிக்கலாம். அவர்களுக்கான கேள்விகள் கடைசியில் இருக்கின்றன.

எந்தெந்தப் பொருள்கள் ஓபியாய்டு வகை? ஐஸும் அதுதானா?

அபினிலிருந்து எடுத்தவையும், அபினைப் போல வேலை செய்யும்படி தயாரித்தவையும் ஓபியாய்டுகள். மோர்பின், கோடீன், ஹெரோயின், டிரமடோல், மெதடோன், பென்டனில் எல்லாம் இதில் அடங்கும். நம் ஊரில் குடு என்றும் தூள் என்றும் சொல்வது ஹெரோயினைத்தான். ஐஸ் வேறு. அது மெத்தம்பெட்டமின் என்ற ஊக்கி, அதற்கு இங்கே சொல்லப்படும் மருந்துகள் எதுவும் வேலை செய்யாது. பிரீகபலின் குளிசையும் ஓபியாய்டு அல்ல. ஆனால் குடுவோடு சேர்த்து எடுத்தால் மூச்சை இன்னும் அடக்கும். அதனால் கிளினிக்கில் முதலில் கேட்க வேண்டியது “பாவிக்கிறீங்களா” என்பதல்ல. “என்ன என்ன பாவிக்கிறீங்க, எதோட சேர்த்து, கடைசியா எப்ப” என்று கேட்க வேண்டும்.

பத்து நாள் அறைக்குள் வைத்து நிறுத்திவிட்டால் சுகம் வராதா?

இந்த நம்பிக்கைதான் அதிகம் பேரைக் கொல்கிறது.

கடைசியாக எடுத்து 6 முதல் 12 மணி நேரத்தில் கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர், மயிர்க்கூச்செறிதல் தொடங்கும். பிறகு கைகால் குடைச்சல், வாந்தி, வயிற்றோட்டம், தூக்கமின்மை. இவற்றைத்தான் கீழே தவிப்பு என்கிறோம். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம். ஐந்து முதல் பத்து நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். பார்க்கிறவர்கள் “பிள்ளை தெளிஞ்சிட்டான்” என்று நினைப்பது இந்தக் கட்டத்தில்தான்.

உண்மையில் தெளிந்தது உடம்பின் பழக்கம் மட்டும். மூளையின் ஏக்கம் அப்படியே இருக்கிறது. முன்பு தாங்கிய அளவை உடம்பு இப்போது தாங்காது. மறுபடி அதே கூட்டாளி, அதே சந்தி, அதே அளவு என்றால் மூச்சு நின்றுவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2007 இல் வெளியானது. வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் அளவு மீறிய போதையால் இறக்கும் அபாயம் மற்ற மக்களைவிட 129 மடங்கு என்று அது காட்டியது. மட்டக்களப்புச் சிறையிலிருந்து வருபவருக்கும், கந்தக்காடு போன்ற புனர்வாழ்வு நிலையத்திலிருந்து வருபவருக்கும், வார்ட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வருபவருக்கும் உடம்பு ஒன்றுதான்.

எனவே வைத்தியசாலையின் பெரிய வேலை அனுமதிக்கும் நாளில் இல்லை, வீட்டுக்கு அனுப்பும் நாளில் இருக்கிறது. அன்று செய்ய வேண்டியவை: அடுத்த கிளினிக் திகதியை 7 நாளுக்குள் போட்டு, கிளினிக் கொப்பியில் எழுதி, கையில் கொடுப்பது. 48 மணி நேரத்தில் யார் தொலைபேசி எடுப்பார் என்பதைப் பெயரோடு சொல்வது. “உளநலப் பிரிவிலிருந்து எடுப்பார்கள்” என்றால் யாரும் எடுக்க மாட்டார்கள். முதல் மாதம் வாராவாரம், பிறகு இரு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது. “உங்கட உடம்பு இப்ப பழைய அளவைத் தாங்காது” என்ற வசனத்தை நோயாளிக்கும் கூட வந்தவருக்கும் நேராகச் சொல்வது. இதைச் சொன்னால் மறுபடி பாவிக்கத் தூண்டியதாகிவிடும் என்று சிலர் தயங்குகிறார்கள். சொல்லாமல் விட்டால் அவர் பழைய அளவையே எடுப்பார்.

மெதடோன், புப்ரெனோர்பின் கொடுப்பது ஒரு போதையை எடுத்து இன்னொரு போதையைக் கொடுப்பதுதானே?

இல்லை. இவை இரண்டும் ஹெரோயினுக்குப் பதிலாக மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கும், நீண்ட நேரம் நிற்கும் ஓபியாய்டு மருந்துகள். ஹெரோயின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அதனால் பாவிப்பவர் ஒரு நாளில் பலமுறை மேலே போய்க் கீழே விழுகிறார். அந்த ஓட்டத்திலேயே களவும் கடனும் வருகின்றன. மெதடோன் ஒரு நாள் முழுக்க ஒரே மட்டத்தில் நிற்கும். சரியான அளவில் இருப்பவர் மயங்குவதுமில்லை, தவிப்பதுமில்லை, வேலைக்குப் போவார். 2017 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், மெதடோனில் இருந்தவர்களில் ஆண்டுக்கு 1000 பேருக்கு ஏறத்தாழ 11 மரணம், அதை விட்டவர்களில் ஏறத்தாழ 36. நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவரை யாரும் இன்சுலின் அடிமை என்று சொல்வதில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் இவ்விரு மருந்துகளையும் 2005 இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் கை பழகாதவர் கொடுத்தால் இரண்டுமே ஆபத்து. மெதடோன் முதல் நாளில் 10 முதல் 20 மி.கி., எப்படியும் 30 ஐத் தாண்டக் கூடாது. ஒரே அளவில் கொடுத்தாலும் இரத்தத்தில் அது ஐந்து நாள் வரை ஏறிக்கொண்டே இருக்கும். “நேற்றுக் கொடுத்தது போதவில்லை” என்று அவசரப்பட்டு நாளுக்கு நாள் கூட்டினால் மூன்றாம் நான்காம் இரவில் தூக்கத்திலேயே போய்விடுவார். அதனால் சில நாளுக்கு ஒருமுறை 5 முதல் 10 மி.கி. மட்டும் கூட்டுவார்கள். பெரும்பாலோர் 60 முதல் 120 இல் நிலைப்பார்கள்.

புப்ரெனோர்பினில் பிழை எதிர்த்திசையில் வரும். உடம்பில் ஹெரோயின் இருக்கும்போதே கொடுத்தால் அது ஹெரோயினைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, ஒரு மணி நேரத்துக்குள் கடும் தவிப்பை உண்டாக்கும். அந்த நோயாளி மறுபடி கிளினிக் பக்கம் வர மாட்டார், வரும் மற்றவர்களையும் தடுப்பார். கடைசியாக எடுத்துக் குறைந்தது 12 மணி நேரம் ஆகி, தவிப்பு கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் முதல் 2 முதல் 4 மி.கி. கொடுக்க வேண்டும். குளிசையை நாக்குக்கு அடியில் வைத்து 5 முதல் 10 நிமிடம் கரைய விட வேண்டும். பேசவோ விழுங்கவோ கூடாது. விழுங்கினால் அநேகமாக வீண்.

இலங்கையில் இதுவரை பெரும்பாலும் நடந்துவந்தது தவிப்புக்கு மருந்து, பிறகு தங்கியிருந்து புனர்வாழ்வு என்ற வழிதான். இதை மாற்றுவதற்கான ஆதாரத்தையும் பயிற்சியையும் தயார் செய்வது பல்கலைக்கழகத்தின் கடமை. மருந்து வந்த பிறகு பழகுவோம் என்று இருந்தால் மேலே சொன்ன பிழைகள் அத்தனையும் நம் வார்ட்டில் நடக்கும்.

அந்த மருந்துகள் கையில் இல்லாத ஆதார வைத்தியசாலையில் இன்று என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். தவிப்பை அளக்க கோவ்ஸ் என்ற அளவுகோல் இருக்கிறது. நாடித்துடிப்பு, வியர்வை, பரபரப்பு, கண்மணி அளவு, எலும்பு மூட்டு வலி, மூக்கொழுகல், வயிறு, கைநடுக்கம், கொட்டாவி, பதற்றம், மயிர்க்கூச்செறிதல் என்று 11 விடயங்கள். தாதி உத்தியோகத்தர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவார். 5 முதல் 12 லேசானது, 13 முதல் 24 நடுத்தரம், 25 முதல் 36 ஓரளவு கடுமை, 36 க்கு மேல் கடுமை. கையைத் திருப்பி முன்கையில் மயிர் நிற்கிறதா என்று பாருங்கள். அது நடிக்க முடியாத அறிகுறி.

மருத்துவர் பார்வையில், தவிப்பைத் தணிக்கும் குளோனிடீன் 0.1 மி.கி. அளவுகளில் கொடுக்கலாம். ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம் பார்த்து, 90/60 க்குக் கீழே இருந்தால் நிறுத்த வேண்டும். வயிற்றோட்டத்துக்கு லோபெரமைட் முதலில் 4 மி.கி., பிறகு ஒவ்வொரு தடவைக்கும் 2, நாளுக்கு 16 க்கு மேல் வேண்டாம். தண்ணீர் குறைவதுதான் உண்மையான ஆபத்து, ஆகவே ஜீவனி கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும். வலிக்குப் பரசிட்டமோலும் ஐபுப்ரோபெனும் போதும். டிரமடோல் கொடுக்கக் கூடாது, அது அதே குடும்பம். தூக்கத்துக்கென்று டயசிபாம் துண்டு எழுதி இரண்டு கிழமைக்கு வீட்டுக்கு விடுவதும் கூடாது.

இதோடு காசநோய், ஹெப்படைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி பரிசோதனைகளையும் அந்தப் படுக்கையிலேயே முடித்துவிடுங்கள். இன்னொரு நாள் வரச் சொன்னால் வர மாட்டார்.

மூச்சு நின்று ஒருவர் கொண்டுவரப்பட்டால்?

மூன்று அடையாளம்: எழுப்ப முடியாது, மூச்சு மிக மெதுவாக அல்லது குறட்டை போல, கண்மணி ஊசிமுனை அளவு. உதடும் நகமும் நீலமாகும். வீட்டில் என்றால் உடனே 1990 அம்பியூலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, நாடியைத் தூக்கி, ஐந்து வினாடிக்கு ஒரு மூச்சு ஊதுங்கள். வாயில் பாலோ தேசிக்காய்ப் புளியோ ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குப் போகும். கிணற்றடியில் இருத்தித் தண்ணீர் ஊற்றுவதும், “நித்திரை கொள்ளட்டும்” என்று விடுவதும் உயிரைக் கொண்டுபோகும் தாமதங்கள். மூச்சு வந்த பிறகு பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள்.

வைத்தியசாலையில் நலோக்சோன், அதாவது ஓபியாய்டின் விளைவை முறிக்கும் மருந்து. நாளம் கிடைக்காவிட்டால் தொடையில் 0.4 மி.கி., இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் மறுபடி. நாளம் கிடைத்தால் ஒரு 0.4 மி.கி. அம்பியூலை 10 மி.லீ. ஆகக் கரைத்து, 1 மி.லீ., 1 மி.லீ. ஆகக் கொடுத்துப் போவது நல்லது. நோக்கம் மூச்சுத் திரும்புவது, ஆளை எழுப்பி உட்கார வைப்பதல்ல. ஒரேயடியாகக் கொட்டினால் அவர் வாந்தியோடும் கடும் தவிப்போடும் எழும்பி வாசலைத் தாண்டி ஓடுவார். நலோக்சோன் 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும், சில ஓபியாய்டுகள் அதைவிட நீண்ட நேரம் நிற்கும். வெளியே போனவர் வீதியோரத்தில் மறுபடி மூச்சடங்குவார்.

அவசரப் பிரிவில் உயிர் தப்பிய அந்த மணி நேரம் மிகப் பெறுமதியானது. யேல் பல்கலைக்கழகத்தினர் 2015 இல் வெளியிட்ட ஆய்வில், அவசரப் பிரிவுக்கு வந்த 329 பேரில் ஒரு பகுதிக்கு அங்கேயே புப்ரெனோர்பின் தொடங்கினார்கள். 30 நாளின் பின் அவர்களில் 78 வீதத்தினர் சிகிச்சையில் இருந்தார்கள். சிகிச்சை நிலையத்துக்குப் போகும்படி வெறும் துண்டு கொடுத்து அனுப்பப்பட்டவர்களில் 37 வீதம்தான்.

கிழக்குப் பல்கலைக்கழகமும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் நேரடியாக என்ன செய்ய முடியும்?

கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடம் இருக்கிறது, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை அதன் பயிற்சிக்களம். அடிமைநிலையை உளநல விரிவுரை ஒன்றோடு முடித்துவிடாமல், மருத்துவ மாணவரும் தாதி மாணவரும் பட்டம் பெறுமுன் கையால் செய்து காட்ட வேண்டியதாக ஆக்கலாம். மேற்பார்வையில் ஐந்து நோயாளிக்கு கோவ்ஸ் போடுவது. பொம்மையில் மூச்சு ஊதி நலோக்சோன் குத்துவது. போதைப் பாவனையை மதிப்பிடும், உலக சுகாதார ஸ்தாபனத்தின் அசிஸ்ட் வினாத்தாளை எட்டுக் கேள்வியோடும் தமிழில் பேச்சு நடையில் கேட்பது. அதில் ஓபியாய்டுக்கு 4 முதல் 26 நடுத்தர அபாயம், 27 உம் அதற்கு மேலும் உயர் அபாயம்.

வினாத்தாளை விடக் கடினம் பேச்சு. “ஏன் இப்படிச் செய்றாய், தாய் தகப்பனை நினைச்சுப் பார்” என்று தொடங்கினால் உரையாடல் அங்கேயே முடிந்தது. “மனே, இதால உனக்கு என்ன கிடைக்குது, எதைக் கொண்டு போகுது?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கப் பழக வேண்டும். அந்த மௌனத்தைத் தாங்கத்தான் பயிற்சி தேவை.

ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் இல்லை. ஆனால் இஸ்லாமிய கற்கைகள், அரபு மொழிப் பீடம் இருக்கிறது. அங்கே படித்துவிட்டுப் போகிறவர்கள் நாளை பள்ளிவாசலில் குத்பா ஓதுவார்கள், பாடசாலையில் கற்பிப்பார்கள். “இவன் ஒழுக்கம் கெட்டவன்” என்று மிம்பரில் ஒரு வசனம் விழுந்தால் அந்தக் குடும்பம் நோயை மறைக்கும். “இது வைத்தியம் உள்ள வருத்தம்” என்று விழுந்தால் அடுத்த நாள் ஒரு உம்மா கிளினிக்குக்கு வருவார். கோயில் நிர்வாகத்துக்கும் தேவாலயத்துக்கும் இதேதான். கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் கூத்துக் கலைஞர்களும் இதில் பங்கெடுக்கலாம். பேய் வேடம் கட்டிப் பயமுறுத்தும் ஆற்றுகை மட்டும் வேண்டாம், பயமுறுத்தல் பாவிப்பதைக் குறைப்பதில்லை.

தொலைவிலுள்ள வைத்தியசாலைக்கு நிபுணர் அறிவு எப்படிப் போகும்?

அம்பாறை மாவட்டத்தில் சுகாதார நிர்வாகமே இரண்டு: அம்பாறைப் பிராந்தியம், கல்முனைப் பிராந்தியம். பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்கு நோயாளி மாதம் நாலு தரம் வர முடியாது. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகம் 2003 இல் எக்கோ என்ற முறையைத் தொடங்கியது, முதலில் ஹெப்படைட்டிஸ் சி நோய்க்கு. வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், கிராம மருத்துவர்கள் காணொளியில் கூடுவார்கள். ஒருவர் பெயர் சொல்லாமல் ஒரு நோயாளியின் கதையைச் சொல்வார், நிபுணர் குழு ஆலோசனை சொல்லும், பிறகு 15 நிமிடப் பாடம். நோயாளி அசைவதில்லை, அறிவு அசைகிறது. இங்கே வியாழக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் போதும். எது கெடுக்கும் என்றால், விரிவுரையாக மாறிவிடுவது. நோயாளியின் கதை முதலில் வராத கூட்டத்துக்கு மூன்றாம் வாரம் யாரும் வர மாட்டார்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெருந்தொகை செலவழித்தும் பலன் கிடைக்கவில்லை என்கிறார்களே?

கென்டக்கி, மசசூசெட்ஸ், நியூயோர்க், ஒஹாயோ ஆகிய நான்கு மாநிலங்களில் 67 சமூகங்களில் ஓபியாய்டு மரணங்களைக் குறைக்க ஹீலிங் கம்யூனிட்டீஸ் என்ற பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 2024 இல் வெளியானது: மரணம் புள்ளியியல் ரீதியாகப் பொருட்படுத்தும் அளவுக்குக் குறையவில்லை. ஆனால் காரணத்தைப் பாருங்கள். ஒப்பிடும் ஆண்டு தொடங்கும்போது திட்டமிட்டவற்றில் பாதிகூட நடைமுறைக்கு வந்திருக்கவில்லை, கொவிட் குறுக்கே வந்தது, பென்டனில் சந்தையை நிரப்பியிருந்தது. குழு அமைத்து, கூட்டம் வைத்து, திட்டம் எழுதிக் கொண்டிருக்கும் மாதங்களில் மருந்து யாருக்கும் போய்ச் சேருவதில்லை. இங்கே ஒரு திட்டம் தொடங்கினால் முதல் மாதமே ஒரு கிளினிக் நாள் திறந்திருக்க வேண்டும்.

மாணவர் ஒருவர் விடுதியில் பிடிபட்டால்?

உயிர் ஆபத்துக்கு உதவி கேட்டு அழைத்தவரையும் யாருக்காக அழைத்தாரோ அவரையும் ஒழுக்காற்று விசாரணைக்கு எடுக்க மாட்டோம் என்று பல்கலைக்கழகம் எழுத்தில் அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டாளிகள் கதவைப் பூட்டிவிட்டு ஓடுவார்கள். விற்பனை வேறு விடயம், அதைச் சட்டம் பார்க்கட்டும். பாவிப்பவருக்கு மருத்துவ விடுமுறை, திரும்பி வந்து பரீட்சை எழுதும் உரிமை, விடுதிக்குத் தெரியாத தனி ஆலோசனை நேரம் வேண்டும். வகுப்பை இழந்தால் அவருக்கு மிஞ்சுவது சந்தியும் கூட்டாளியும்தான்.

சிறுநீர்ப் பரிசோதனை எல்லாரையும் பிடித்துவிடுமா?

பிடிக்காது. சாதாரண ஓபியேட் பரிசோதனைப் பட்டி மோர்பினைத்தான் தேடுகிறது. ஹெரோயின் ஒன்று முதல் மூன்று நாள் தெரியும். டிரமடோல், மெதடோன், புப்ரெனோர்பின், பென்டனில் அதில் தெரியாது, தனித்தனிப் பட்டி வேண்டும். கோடீன் கலந்த இருமல் பாணி குடித்தவருக்கு நேர்முடிவு வரும். பொப்பி விதையும் வரவைக்கலாம். ஆனால் நாம் பலூடாவில் போடும் கசகசா துளசி இன விதை, அதனால் வராது. ஒரு பட்டியை வைத்து ஒருவரைப் பல்கலைக்கழகத்தை விட்டு அனுப்பாதீர்கள். பரிசோதனை சிகிச்சைக்குள் இருக்கும் உரையாடலைத் தொடங்கத்தான்.

ஆய்வு செய்யும்போது எதில் கவனம்?

“நிந்தவூர், 34 வயது, மீனவர், மூன்று பிள்ளைகள், தம்பி வெளிநாட்டில்” என்று எழுதினால் பெயரே வேண்டாம், ஊரே அவரைக் காட்டிவிடும். பிரதேசம், வயது வீச்சு, தொழில் வகை ஆகியவற்றில் ஏதாவது இரண்டுக்கு மேல் ஒன்றாக அச்சிட வேண்டாம். பயனுள்ள ஆய்வு எதுவென்றால், வார்ட்டிலிருந்து போனவர்களில் எத்தனை பேர் 7 ஆம் நாளும் 30 ஆம் நாளும் கிளினிக்கில் இருந்தார்கள் என்று ஒவ்வொரு மாதமும் எண்ணுவது. எளிய எண், ஆனால் அது இல்லாமல் சிகிச்சை வேலை செய்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

நோன்பு, ஆழ்கடல், வேளாண்மை: சிகிச்சை இவற்றுக்கு எப்படிப் பொருந்தும்?

ரமழானில் மருந்தை நோன்பு திறந்த பின் கொடுக்கும்படி கிளினிக் நேரத்தை மாற்றினால் போதும், அளவை மாற்றத் தேவையில்லை. பகலில்தான் வர வேண்டும் என்றால் நோன்பாளி மருந்தை விடுவார், நோன்பை விட மாட்டார். ஆழ்கடல் படகில் கிழமைக் கணக்கில் போகிறவருக்கு நாள்தோறும் கிளினிக்கில் குடிக்கும் மெதடோன் சரிவராது. புப்ரெனோர்பினைக் கூட்டி வாரம் மூன்று நாள் கொடுக்கலாம், மாதம் ஒருமுறை போடும் ஊசி வடிவமும் உலகில் வந்துவிட்டது. பெரும்போக அறுவடைக் காலத்தில் சம்மாந்துறைப் பக்கம் காலை எட்டு மணிக் கிளினிக் வெறுமையாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள்.

கர்ப்பிணி பாவிப்பவராக இருந்தால் உடனே நிறுத்த வேண்டுமா?

திடீரென்று நிறுத்தக் கூடாது. கருச்சிதைவும் குறைமாதப் பிரசவமும் வரலாம். மெதடோன் அல்லது புப்ரெனோர்பினில் நிலைநிறுத்துவதே வழி. பிறந்த குழந்தையை, நீண்ட நேர மருந்தென்றால் 4 முதல் 7 நாள், தவிப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் ஒரு பெண் இதைச் சொல்வதற்கு மிகுந்த தைரியம் வேண்டும், முகத்தில் அதிர்ச்சி காட்டினால் இரண்டாம் முறை சொல்ல மாட்டார்.

இதற்குப் பயந்து புற்றுநோயாளிக்கு மோர்பினைக் குறைக்கலாமா?

கூடவே கூடாது. வலியில் துடிப்பவருக்கு மோர்பின் உரிமை. கவனம் வேறு இடத்தில் வேண்டும். சாதாரண சத்திரசிகிச்சைக்குப் பின் ஓபியாய்டு மூன்று முதல் ஐந்து நாளுக்குப் போதும், நோயாளி இறந்தபின் வீட்டில் மிஞ்சிய குளிசைகளை வைத்தியசாலைக்குத் திருப்பிக் கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்காவில் தீ எப்படித் தொடங்கியது என்பதையும் மாணவருக்குச் சொல்லுங்கள். 1996 இல் ஒக்சிகொன்டின் சந்தைக்கு வந்தது, அடிமைப்படுத்தும் ஆபத்து குறைவு என்று மருத்துவர்களுக்குச் சொல்லி விற்றார்கள், பர்டியூ நிறுவனத்தின் ஒரு பிரிவு 2007 இல் இதற்காகக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மருந்துக் கம்பனி செலவில் நடக்கும் பாடத்தை ஏன் ஏற்கக் கூடாது என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

வீட்டில் பிள்ளை பாவிக்கிறான் என்று எப்படித் தெரியும்?

சிகரெட் பெட்டி வெள்ளித்தாள் சிறு துண்டுகளாக, ஒரு பக்கம் கரிக்கோடு ஓடியபடி. உருட்டிய நோட்டு. பகலிலும் ஊசிமுனைக் கண்மணி, தலை தொங்கித் தொங்கி விழும் அரைத்தூக்கம், பிறகு திடீர் மூக்கொழுகலும் எரிச்சலும். ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

என்ன சொல்லி அழைத்துப் போவது, எங்கே போவது?

அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், தனியாக, சுருக்கமாக: “நான் உன்ன அடிக்க வரல்ல, பொலிசுக்கும் சொல்லல்ல. நாளைக்கு கிளினிக்குக்கு நானும் வாறன்.” அன்றிரவே ஊரைக் கூட்டிப் பஞ்சாயத்து வைக்காதீர்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927, உளநல உதவிக்கு 1926. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, அம்பாறைப் பொது வைத்தியசாலை ஆகியவற்றில் வெளிநோயாளர் பிரிவில் உளநலக் கிளினிக் நாளைக் கேட்டுப் போகலாம். போகும்போது அவர் பாவிக்கும் எல்லாக் குளிசைகளின் வெற்று மட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். கேள்வி கேட்டு அரை மணி நேரம் இழுக்கும் வேலையை அது ஒரு நிமிடத்தில் முடிக்கும்.

மறுபடி பாவித்துவிட்டார். எல்லாம் வீணா?

இல்லை. பெரும்பாலோர் ஒரே முறையில் நிறுத்துவதில்லை. அடுத்த கிளினிக் திகதியை ரத்துச் செய்யாதீர்கள், முன்னுக்கு எடுங்கள். வைத்தியசாலையும் “சொன்னதைக் கேட்கவில்லை, இனி வராதே” என்று பெயரை வெட்டக் கூடாது. கொப்பியில் அன்றைய திகதியைப் போட்டு, எவ்வளவு, எதோடு, யாரோடு என்று எழுதிவிட்டு, அடுத்த வாரத்துத் திகதியையும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.